படகுக்காரனின் தம்பி

எங்கள் ஊரில் அந்தச் சினிமாப் படம் பிடித்துப்போன ஒரே ஆள் நான்தான். இதை இத்தனை நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் தெருவில் தலைகாட்டியிருக்க முடியாது. பிடித்ததற்குக் காரணம் சாதாரணமானது. படம் எந்தப் புத்தகத்தை வைத்து எடுத்ததோ அதை நான் படித்ததில்லை. நூலகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்ப்பவன் படிக்கவில்லையா என்று வாயைப் பிளப்பவர்கள், மருந்துக் கடைக்காரர் எல்லா மாத்திரையையும் விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் விற்கிறாரா என்று கேட்டுவிட்டு வரட்டும். என் வேலை வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து புத்தகத்தைக் கொடுப்பது, திரும்பி வந்தால் வாங்குவது, வந்ததில் பிய்ந்தது கிழிந்தது இருந்தால் பழுதுப் பதிவேட்டில் எழுதிப் பின்னறைக்கு அனுப்புவது. உள்ளே என்ன அச்சாகியிருக்கிறது என்பது எழுதியவர் பாடு.

பின்னறையில் உட்கார்ந்து அந்தப் பிய்ந்ததை எல்லாம் தைத்து ஒட்டுபவர் பசையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். நீள மேசை, புத்தகத்தை நெருக்கிப் பிடிக்கும் திருகுக் கட்டை, மிட்டாய் டப்பாவில் ஊசிகள், ஒட்டிய அட்டை கிளம்பாமல் இருக்கப் பாரமாக வைக்கப் பழைய இஸ்திரிப் பெட்டிகள் இரண்டு. அக்கா பசை காய்ச்சும் நாளில் நூலகம் முழுக்க மாவு வாசனை அடிக்கும். படிக்க வருபவர்களுக்கு அறிவுப் பசி என்று நூலகர் சொல்லுவார். எனக்கு நிஜமாகவே பசிக்கும்.

அக்காவிடம் ஒரே ஒரு கோளாறு உண்டு. தப்பே செய்யமாட்டார். இதில் என்ன கோளாறு என்பவர்கள் அவரோடு ஒரு வாரம் குப்பை கொட்டிப் பார்க்கட்டும். ஒரு தடவை பெரிய அகராதி ஒன்றில் ஒரே ஒரு தாள் தலைகீழாக இருந்தது. அதுவும் அவர் தைத்ததல்ல, அச்சகத்திலேயே அப்படி வந்தது. அந்தப் பக்கத்தை யாராவது புரட்டுவதற்குள் உலகமே முடிந்துவிடும். ஆனாலும் ஆயிரத்து நூறு பக்கத்தையும் பிரித்துப்போட்டு மூன்று நாள் தைத்தார். இன்னொரு தடவை நூலகர் தன் மகளின் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து, படங்கள் கழன்றுவிட்டன, கொஞ்சம் ஒட்டித் தாருங்கள் என்றார். அக்கா ஒட்டினார். எப்படி ஒட்டினார்? போட்டோக்காரரைக் கூப்பிட்டு எந்தப் படம் எப்போது எடுத்தது என்று கேட்டு, மணி வாரியாக ஒட்டினார். முதல் பக்கத்தில் மாலையோடு கம்பீரமாக நின்றிருந்த நூலகரின் மைத்துனர் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். நூலகர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"அவர் சாப்பாட்டு நேரத்துக்குத்தானே சார் வந்தார்?" என்றார் அக்கா. "நடந்தது நடந்த வரிசையிலதான் இருக்கணும்."

மைத்துனர் இரண்டு வருடம் பேசவில்லை. அக்கா அசையவில்லை. பழுதுப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்கு மேலே 'சரிசெய்யப்பட்டது' என்று போட்டிருக்கும். அதில் அவர் கையெழுத்து விழுந்துவிட்டால் விழுந்ததுதான். முப்பத்தொரு வருடத்தில் அதே பழுதோடு ஒரு புத்தகம் திரும்பி வந்ததில்லை.

கணவர் இறந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகள். கடைத்தெரு முனையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறாள். ஊருக்கு அவள் கண்ணாடிக்காரி. தினமும் மதியம் டிபன் கேரியரோடு பின்னறைக்கு வருவாள். இரண்டு பேரும் நீள மேசையில் ஒரு மூலையை ஒதுக்கிச் சாப்பிடுவார்கள். அம்மா வாயிலிருந்து வருவதுதான் அவளுக்கு வேதவாக்கு. கடையில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், "எங்கம்மா சொன்னாங்களா?" என்று கேட்பாள்.

இனி அந்தப் புத்தகம். 'கதவில்லாத மலை' என்று பெயர். ஓர் அண்ணனும் தங்கையும் மலைக்குள் போக வழி தேடி அலைகிற கதை. அவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற மிருகத்துக்குப் பெயர் பொதியன். கம்பளி மூட்டைக்குக் கால் முளைத்தாற்போல் இருப்பான், பேச்சு கிடையாது, தண்ணீர் என்றால் நடுக்கம். எங்கள் நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. வெகு காலமாக அச்சில் இல்லாததால் ஊருக்கே அதுதான் ஒரே பிரதி. பொருளடக்கம் இல்லை. பக்க எண்கள் இருந்த கீழ் மூலைகள் எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டி நைந்துபோய், அக்கா வெள்ளைத் தாள் ஒட்டிச் சரிசெய்தவை. அத்தியாயங்களுக்குத் தலைப்பு உண்டு, எண் கிடையாது.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலகர் இதைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவார். வாரம் ஓர் அத்தியாயம். பன்னிரண்டு வாரத்தில் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இன்று ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் பாதிப் பேர் அந்தப் பாயில் சம்மணம் போட்டுக் கேட்டவர்கள்தான். ஒன்பதாவது வாரம், ஏரியைக் கடக்கும்போது மரப்பாலம் முறியும். பொதியன் தண்ணீரில் இறங்கிப் பாலத்தை முதுகில் தாங்குவான். பிள்ளைகள் கரையேறியதும் ஏரி அவன்மேல் மூடிக்கொள்ளும். பாய் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். அடுத்த வாரம் காய்ச்சல் வந்த பிள்ளைகூடப் போர்வையோடு வந்து உட்காரும். ஏனென்றால் பத்தாவது வாரத்தின் முதல் வரி இது: மறுநாள் காலை ஏரியிலிருந்து பொதியன் தலையை நீட்டியபோது யாராலும் நம்ப முடியவில்லை. கைதட்டல் என் மேசை வரை கேட்கும்.

அந்த அத்தியாயத்தில் சில சில்லறைச் சங்கடங்கள் உண்டு. ஐந்தாவது வாரம் செத்துப்போன படகுக்காரன் இதில் உயிரோடு வந்து எல்லோருக்கும் ரொட்டி பிட்டுக் கொடுப்பான். ஏழாவது வாரம் ஒட்ட வெட்டிய தங்கையின் முடி இதில் இடுப்பு வரை தொங்கும். குழந்தைகள் இதற்கெல்லாம் அசருவார்களா? செத்தது அண்ணன், இது அவன் தம்பி, அச்சு அசல் அண்ணன் மாதிரியே இருப்பான் என்று ஏதோ ஒரு பிள்ளை சொல்லிவைக்க, அது நிலைத்துவிட்டது. முடி பயத்தில் வளர்ந்துவிட்டதாம். ஓவியப் போட்டி வைத்தால் பத்துக்கு நான்கு படம் படகுக்காரனின் தம்பி. மூக்கருகே ஒரு மச்சம்கூட வைத்துவிட்டார்கள், அண்ணனுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே.

கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். ஒரு நாற்காலி காலியாக இருக்கும். பொதியன் இன்னும் ரொட்டி வாங்க வெளியே போயிருக்கிறான் என்பது ஊர் முடிவு. நூலகர் கடைசி வரியைப் படித்துப் புத்தகத்தை மூடியதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்த வேண்டும்: "பொதியா, சீக்கிரம் வா! சாப்பாடு ஆறுது!" அதோடு கலைவார்கள். இருபத்து மூன்று வருடப் பழக்கம்.

இப்படிப்பட்ட ஊரில்தான் அந்தப் படம் வந்து இறங்கியது.

முதல் நாள் காலைக் காட்சிக்கு நூலகர் மொத்தத் தியேட்டரையும் பேசி வைத்தார். பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், ஒரு காலத்தில் பாயில் உட்கார்ந்த தையல்காரர், தபால்காரர், பள்ளி வாத்தியார் என்று எல்லோரும் ஆஜர். பசையக்கா மட்டும் தலைவலி என்று வரவில்லை. படம் தொடங்கி அரை மணி நேரத்தில் பொதியன் ஏரியில் குளித்துவிட்டுத் தலையை நீட்டினான். தண்ணீருக்குப் பயந்தவன் குளித்துவிட்டானே என்று திரையில் எல்லோரும் வியந்து சிரித்தார்கள். தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. "இது இப்ப வரக்கூடாதே" என்று ஒரு குழந்தை சத்தமாகச் சொன்னது. பிறகு பாலம் முறிந்தது, பொதியன் மூழ்கினான். அப்போதும் சிலர் முகத்தில் புன்னகைதான். மறுநாள் காலைக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் காலை வந்தது. அண்ணனும் தங்கையும் தனியாக நடந்து போனார்கள். நல்லா எடுத்திருக்கான்யா என்று பக்கத்தில் திரும்பினால், தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் காலி நாற்காலி. பழக்க தோஷம், முந்நூறு பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "பொதியா, சீக்கிரம் வா!" திரை இருண்டு பெயர்கள் ஓட ஆரம்பித்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. கூட்டிப் பெருக்க வந்த ஆள் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அமைதியில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அப்பா, படகுக்காரன் தம்பி எங்கப்பா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்து வாத்தியார் என் தோளில் தட்டிக் கொடுத்தார். நானும் அப்படியே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலைக்குள் ஊர் கொதித்துப்போனது. பொதியனைக் கொன்றுவிட்டார்கள், படகுக்காரனின் தம்பியைத் தூக்கிவிட்டார்கள், குழந்தைகள் புத்தகத்தை நாசம் செய்துவிட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தது கண்ணாடிக்காரி. காரணமும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு ஏழு வயசுல நம்ம நூலகப் புத்தகமே பக்கம் மாறித்தான் இருந்தது" என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். "நானும் பொதியன் செத்துட்டான்னு நினைச்சு அழுதேன். அம்மாதான் பார்த்து, கோர்த்தது தப்புன்னு கண்டுபிடிச்சு, பிரிச்சுச் சரி பண்ணினாங்க. அந்த மாதிரி ஒரு கோளாறு பிரதிதான் சினிமாக்காரங்க கையில கிடைச்சிருக்கு. எங்கம்மா மாதிரி பார்க்க அங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்."

படக் கம்பெனிக்கு ஒரு மனு எழுதினாள். கையெழுத்து வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். கண் பரிசோதனைக்கு வந்தவர் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படித்து முடித்ததும், புதுக் கண்ணாடியை மாட்டி, "இப்ப இதைப் படிங்க, தெளிவா இருக்கா?" என்று மனுவை நீட்டுவாள். தெளிவாக இருந்தால் கையெழுத்து. தெளிவாக இல்லையென்றால் வேறு கண்ணாடி. இரண்டு வாரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் தெளிவடைந்தார்கள். நானும் போட்டேன். பசையக்காவிடம் நீட்டியபோது, கையெல்லாம் பசையாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார். அந்தக் கை அன்று காய்ந்துதான் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. படத்தோடு சேர்த்து மறுபடி அச்சிட்ட புதுப் புத்தகம் ஒன்று, நான்கு வரிக் கடிதம் ஒன்று. உங்கள் அன்புக்கு நன்றி; படம் புத்தகத்தை அத்தியாயம் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது; இணைத்துள்ள பிரதியின் பொருளடக்கத்தைப் பார்க்கவும்; படகுக்காரனுக்குத் தம்பி இருப்பதாகப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

நூலகர் கடிதத்தைத் தொலைபேசியில் கண்ணாடிக்காரிக்குப் படித்துக் காட்டினார். அவள் சிரித்தது எனக்கே கேட்டது. "அச்சுக்காரங்களும் அதே கோளாறு பிரதியைப் பார்த்து அடிச்சிருக்காங்க சார். சனிக்கிழமை கூட்டம் போடுங்க. நம்ம புத்தகத்தை வச்சு நான் எல்லார் முன்னாடியும் நிரூபிக்கிறேன்." நூலகருக்குக் கூட்டம் என்றால் கேட்க வேண்டுமா? வெளியூர்ப் பத்திரிகை ஒன்றுக்கும் சொல்லி, நிருபரை வரச் சொல்லிவிட்டார்.

நான் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதுசில் அந்தக் குளியல் அத்தியாயம் நான்காவது. படகுக்காரன் இன்னும் சாகவில்லை, முடி இன்னும் வெட்டவில்லை, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எங்கள் பிரதியில் அந்த அத்தியாயம் ஒன்று மட்டும் இடம் மாறி மூழ்கலுக்குப் பின்னால் கோர்க்கப்பட்டிருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அக்கா ஒரு தப்புப் பண்ணிவிட்டார்! இருபத்தேழு வருடமாகக் காத்திருந்த கேலியை எல்லாம் வாயில் தயாராக வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

அக்கா பொருளடக்கத்தை விரலால் தொட்டு மேலிருந்து கீழே வந்தார். நான்காவது வரியில் விரல் நின்றது. முகத்தைப் பார்த்ததும் என் கேலி தொண்டையிலேயே செத்துப்போனது.

"தப்பு எங்கிட்டதான் தம்பி" என்றார்.

"விடுங்கக்கா. ஆயிரம் புத்தகத்துல ஒண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?"

"சனிக்கிழமை எல்லாருக்கும் தெரியும். அவ எழுந்து நின்னு எங்கம்மா கை தப்பாதுன்னு பேசுவா. அந்த நிருபர் சிரிப்பார். அதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும்."

"அப்ப வீட்டிலேயே சொல்லிடுங்க."

"இந்தப் படம் வந்ததிலேர்ந்து சொல்லத்தான் பார்க்கிறேன். வாயைத் திறந்தா, உப்பு போதுமான்னுதான் கேட்க வருது."

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. மதியம் இரண்டு பேரும் சாப்பிடுவதை என் மேசையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். உப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை வாசிப்புக் கூடத்தில் நிற்க இடமில்லை. கண்ணாடிக்காரி பழைய புத்தகத்தைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். புதுப் பதிப்பு தப்பு, படம் அதைவிடத் தப்பு என்றாள். "இதைக் கோர்த்த கை முப்பத்தொரு வருஷத்துல ஒரு தாளைக்கூட இடம் மாத்தி வச்சதில்லை" என்றாள்.

"வச்சிருக்கு" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

பசையக்கா எழுந்து நின்றிருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான்தான் தப்பா கோர்த்துட்டேன். அந்த அத்தியாயம் நாலாவதா வரணும். சினிமாக்காரங்க சொல்றதுதான் சரி. பொதியன் திரும்பி வரமாட்டான். படகுக்காரனுக்குத் தம்பியும் கிடையாது. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

முப்பத்தொரு வருடத்தில் அவர் முதல்முறையாகத் தப்பை ஒப்புக்கொண்டார். ஒருவர்கூட நம்பவில்லை.

"அக்கா, சினிமாக்காரங்க மிரட்டினாங்களா?" என்றார் தையல்காரர்.

"நீங்களாவது, தப்புப் பண்றதாவது!" என்றார் வாத்தியார். "எங்களுக்கு உங்களைத் தெரியாதா?"

நூலகர் எழுந்தார். தன் சொந்த மைத்துனரையே தயவு தாட்சண்யம் இல்லாமல் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிய கை இது, அந்தக் கையா வரிசை தப்பும் என்று ஆல்பம் கதையை முழுசாகச் சொன்னார். பலத்த கைதட்டல். அக்கா இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து பார்த்தார். இவ்வளவு தன்னடக்கம் கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். பிறகு வாக்கெடுப்பு. எங்கள் பிரதிதான் சரியான பிரதி, பொதியன் உயிரோடு இருக்கிறான் என்று தீர்மானம் நிறைவேறியது. படகுக்காரனின் தம்பிக்குத் தனித் தீர்மானம். நிருபர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. நான் கை தூக்கினேனா என்றால், இரண்டுக்கும் தூக்கினேன்.

அக்காவைத் தவிரக் கை தூக்காதவள் ஒருத்திதான். கண்ணாடிக்காரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். கொஞ்சம் கழித்து அக்காவும் போனார். நான் பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலிகளை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கியவைதான். கலைத்து மறுபடி அடுக்கினேன்.

மகள் கடையில் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் புத்தகத்தின் மூலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தப்புப் பண்ணலைம்மா."

"பண்ணினேன்."

"நைஞ்சு பிஞ்ச மூலைன்னா ரம்பம் மாதிரி இருக்கும். இது அளவுகோல் வச்சுக் கத்தியால வெட்டினது. இருநூறு பக்கமும் ஒரே அளவு. பொருளடக்கமும் கிழியலை, தையலைப் பிரிச்சு எடுத்திருக்க. நம்பர் யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னே பண்ணியிருக்க."

அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்து இடம் மாற்றி வைத்தார். திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"உங்கப்பா செத்தப்ப நீ அழலை" என்றார். "பள்ளிக்கூடம் போன, வந்த, சாப்பிட்ட. எல்லாரும் சமத்துன்னாங்க. எனக்குத்தான் பயமா இருந்தது. ரெண்டு மாசம் கழிச்சு இந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வந்து படிச்ச. பொதியன் முழுகினதும் அழ ஆரம்பிச்ச. நாலு நாள். ஒரு வாய் இறங்கலை. அவன் வந்துடுவான்ல, வந்துடுவான்லன்னு கேட்டுக்கிட்டே இருந்த. யாரைக் கேக்குறன்னு எனக்குத் தெரியாதா?"

மகள் உருப்பெருக்கியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"உங்கப்பாவைக் கொண்டுவர எனக்கு வழி தெரியலை. இவனைக் கொண்டுவரத் தெரிஞ்சது. பதினாறு பக்கம், எட்டுத் தாள். ஒரு மணி நேர வேலை."

"அப்புறம் நான் சாப்பிட்டேனா?"

"ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட."

"இருபத்து மூணு வருஷமா எங்கம்மா சரி பண்ணினாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் மகள். "வேற என்னெல்லாம் சரி பண்ணி வச்சிருக்க எனக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்தாள். கையில் நாற்காலியோடு நின்ற என்னைப் பார்த்தாள். என்ன செய்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து டிபன் கேரியர் வரவில்லை. வீட்டிலும் பேச்சு வார்த்தை இல்லை, கடை மாடியிலேயே தங்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். அக்கா ஒரு பொட்டலத்தில் எதையோ கட்டிக்கொண்டு வருவார். மதியம் மேசை மூலையை ஒதுக்கி இரண்டு தட்டை வைப்பார்; கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து உள்ளே வைப்பார். ஊர் தன்பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தது. படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதன்கிழமை வாசிப்புக்குக் கூட்டம் இரட்டிப்பானது. நிருபர் எங்களைக் கிண்டலடித்து எழுதியிருந்ததை நூலகர் பாராட்டு என்று நினைத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

எட்டாவது நாள் பின்னறையிலிருந்து ஒரு தேசப்படப் புத்தகம் வந்தது. அட்டையைத் தலைகீழாக ஒட்டியிருந்தார். பதிவேட்டில் 'சரிசெய்யப்பட்டது' கட்டத்தில் வழக்கமான கையெழுத்து. நான் இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்? யாருக்கும் காட்டாமல் அதை என் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

பதினோராவது நாள் மதியம் கண்ணாடிக்காரி வந்தாள். ஒரு கையில் டிபன் கேரியர். இன்னொரு கையில் கடையில் வாங்கிய புது 'கதவில்லாத மலை'. அட்டையில் படத்தில் நடித்த பிள்ளைகள் இருந்தார்கள். ஊரில் அந்த அட்டையோடு நடமாடத் தனித் தைரியம் வேண்டும். புத்தகத்தை என் மேசையில் வைத்தாள்.

"பழுதுக்கு எழுதிக்கங்க."

"இது நூலகப் புத்தகம் இல்லையேம்மா."

"எழுதுங்க, சொல்றேன்."

பதிவேட்டைத் திறந்தேன். "என்ன பழுது?"

"பக்கங்கள் வரிசை மாறியிருக்கு."

நான் மறுபேச்சுப் பேசாமல் எழுதினேன். பதிவேட்டையும் புத்தகத்தையும் அவளே பின்னறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை நான் நாற்காலி எதையும் அடுக்கவில்லை. நேராகப் போய்க் கதவருகே நின்றுகொண்டேன்.

அக்கா மகளைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் பார்த்தார். அதன் முதுகைத் தடவினார். "புதுசாச்சே. நல்லாத்தானே தச்சிருக்காங்க."

"இல்லம்மா. ஏரி மூடிக்கிட்டதுக்கு அப்புறம் ஒரு அத்தியாயம் வரணும். எங்கேயோ முன்னாடி கொண்டுபோய் வச்சிருக்காங்க."

அக்கா புத்தகத்தைத் திறந்து பொருளடக்கத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிட்டாய் டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தார். அட்டையைக் கழற்றி, நூலை அறுத்து, எட்டுத் தாளை வாய்விட்டு எண்ணி வெளியே எடுத்து, அது போக வேண்டிய இடத்தில் வைத்துத் தைத்தார். முடித்ததும் பழக்கத்தில் அளவுகோலையும் கத்தியையும் எடுத்து முதல் பக்கத்தின் மூலைக்குக் கொண்டுபோனார். மகள் அளவுகோலின் மேல் கையை வைத்தாள்.

"நம்பர் இருக்கட்டும்மா. இது எனக்கு. தெரிஞ்சே படிச்சுக்கிறேன்."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேசை மூலையை ஒதுக்கி இரண்டு தட்டை எடுத்து வைத்தார். பதிவேட்டில் 'சரிசெய்யப்பட்டது' கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பேனாவை எடுத்தவர் தயங்கினார். மகள் அதைப் பிடுங்கி அந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.